தேனீ எதை மணந்து வருகிறது, எதைப் பார்த்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கன்னியா தொடங்கித் தம்பலகாமம், மூதூர் வரைக்கும் தேன் பெட்டி வைத்திருப்பவர்களும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களும், பெட்டி வைத்தவருக்குப் பக்கத்து வளவில் இருந்து பயப்படுபவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: இது ஏன் இங்கே வருகிறது, ஏன் அங்கே போக மாட்டேன் என்கிறது? பிறக்கும்போதே கொண்டு வந்த விருப்பம் கொஞ்சம், மிச்சமெல்லாம் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பாதி நேரம் நாமேதான் பழக்கிவிடுகிறோம் என்பது என் எண்ணம், வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஐரோப்பியத் தேனீயில், அதாவது ஏபிஸ் மெலிஃபெராவில் செய்தவை. நம் பெட்டிகளில் இருப்பது ஏபிஸ் செரானா. ஆள் கொஞ்சம் சின்னது, பறக்கிற தூரமும் குறைவு, கோபம் வந்தால் சண்டைக்கு நிற்பதைவிடக் கூட்டோடு ஓடிப்போகவே பார்க்கும். மணத்தையும் நிறத்தையும் கற்கிற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

தேனீக்கு மூக்கு எங்கே இருக்கிறது?

தலையின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு உணர்கொம்புகள்தான். அதாலேயே தொட்டும் பார்க்கும், காற்றில் உள்ள ஈரத்தையும் அறியும், இருட்டுப் பெட்டிக்குள் பக்கத்தில் நிற்பது யார் என்பதையும் கண்டுகொள்ளும். மெலிஃபெராவின் மரபணுத் தொகுதி 2006-இல் வெளிவந்தபோது மணத்தைப் பிடிக்கும் வாங்கிகளுக்கு மட்டும் ஏறத்தாழ 170 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. பழ ஈக்கு அறுபது சொச்சம்தான். ருசிக்கு என்று பார்த்தால் தேனீக்குப் பத்தே பத்து. வேலை எதில் நடக்கிறது என்று இதிலேயே விளங்கும். இத்தனையையும் வைத்துக் கணக்குப் பார்க்கிற மூளை ஒரு கன மில்லிமீற்றர் அளவு, அதற்குள் ஏறக்குறைய பத்து இலட்சம் நரம்புக் கலங்கள்.

பூ மணம் தேனீக்குப் பிறவியிலேயே பிடிக்குமா, இல்லை கற்றுக்கொள்கிறதா?

கற்றுக்கொள்கிறது. அதுவும் பயங்கர வேகம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தேனீயைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி சின்னக் குழாய்க்குள் நிறுத்தி, ஈர்க்கு நுனியில் சீனிப்பாணி தொட்டு அதன் உணர்கொம்பில் மெல்லத் தடவினால், தாடைக்குக் கீழே மடித்து வைத்திருந்த செம்பழுப்பு நாக்கு சட்டென்று நீளும். பசித்த தேனீ எதுவானாலும் இதைச் செய்யும், யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இப்போது பாணி தொடுவதற்கு இரண்டு மூன்று விநாடி முன்னால் ஒரு மணத்தை, கராம்பு எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்றோடு ஊதுகிறோம். மணம், பாணி. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப மணத்தை மட்டும் ஊதினால், ஒரே ஒரு தடவை பழக்கிய தேனீக்களில் பாதிக்கு மேல் பாணி வருவதற்கு முன்பே நாக்கை நீட்டிவிடும். சில நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவை பழக்கினால் அநேகமாக எல்லாமே நீட்டும், அந்த நினைவு நாட்கணக்கில் நிற்கும். ஜப்பானில் டகேடா என்பவர் 1961-இல் இந்த முறையைக் காட்டினார், பிறகு பெர்லினில் ரண்டோல்ஃப் மென்சலும் அவரோடு இருந்தவர்களும் இதை வைத்தே தேனீயின் நினைவைத் துருவி ஆராய்ந்தார்கள்.

அவர்களில் மார்ட்டின் ஹாமர் 1993-இல் வெளியிட்டதுதான் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாமல் இருப்பது. தேனீ மூளையில் சீனி கிடைக்கும்போது துடிக்கிற ஒற்றை நரம்புக் கலம் ஒன்று இருக்கிறது. மணத்தை ஊதிவிட்டு, சீனியே கொடுக்காமல் அந்தக் கலத்தை மட்டும் மின்சாரத்தால் தூண்டினார். தேனீ அந்த மணத்தைக் கற்றுக்கொண்டது! பத்து இலட்சத்தில் ஒன்று, அது சொன்னால் போதும், "இது நல்ல மணம்" என்று பதிவாகிவிடுகிறது.

எல்லாமே கற்றதுதான் என்று எடுத்துவிடாதீர்கள். பூவே பார்த்திராத புதுத் தேனீயிடம் நிறங்களைக் காட்டினால் நீலம், ஊதா பக்கம்தான் முதலில் சாயும். ராணியின் மணம், ஆபத்து மணம் ஆகியவற்றுக்கும் தனி வழி உண்டு, ஆபத்து மணத்துக்குக் கீழே வருகிறேன்.

மணம் பெரிதா, நிறம் பெரிதா?

கற்கும் வேகத்தில் மணம் முதலாவது. ஒரு தடவை தேன் கிடைத்தாலே போதும். நிறத்துக்கு மூன்று நான்கு தடவை வேண்டும், ஊதா நிறத்தைக் கெதியில் பிடித்துக்கொள்ளும், நீலப்பச்சையில் தடுமாறும். வெறும் வடிவம் என்றால் இருபது தடவை போல ஆகும்.

தூரத்தில் இருந்து பார்க்கும்போது கதை வேறு. வேலைக்காரத் தேனீயின் ஒரு கண்ணில் 5,000 சொச்சம் சின்னக் கண்கள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளிதான் பிடிக்கும், ஆகவே அதற்குத் தெரிகிற உலகம் கொசுவலைக்கூடாகப் பார்ப்பது மாதிரிக் கட்டங்கட்டமானது. இரண்டு சென்றிமீற்றர் அகலமான ஒரு தனிப் பூ, இருபது சென்றிமீற்றர் சொச்சம் கிட்ட வந்தால்தான் "ஏதோ இருக்கிறது" என்று தெரியும், அதன் நிறம் தெரிய எட்டுச் சென்றிமீற்றர் வரை வர வேண்டும். வேம்பும் பாலையும் முருங்கையும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறபோது தேனீ இலகுவாக வருவதற்கு ஒரு காரணம் இது. மிச்ச வழியெல்லாம் மணமும், ஏற்கெனவே போய் வந்த இடத்தின் நினைவும்தான் கூட்டிப்போகின்றன.

இன்னொன்று: எதை எப்போது கற்கிறது என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. 1931-இல் எலிசபெத் ஒப்ஃபிங்கர் கண்டது என்னவென்றால், பூவின் நிறத்தைத் தேனீ வந்து இறங்குகிற கடைசி விநாடிகளில்தான் கற்கிறது. அது குடித்துக்கொண்டு இருக்கும்போது கீழே நிறத்தை மாற்றி வைத்தால் கவனிப்பதே இல்லை. சுற்றியிருக்கிற மரம், மதில், கல் மாதிரியான அடையாளங்களைக் குடித்து முடித்துத் திரும்பிப் போகும்போது கற்கிறது.

ஒரே தேனீ எல்லாப் பூவுக்கும் போகுமா?

ஒரு பயணத்தில் அநேகமாக ஒரே இனம்தான். காலையில் எட்டு மணிபோலப் பெட்டி வாசலுக்குப் பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தால் தெரியும். ஒன்று பின்னங்காலில் வெளிர்மஞ்சள் உருண்டையோடு வரும், அடுத்தது செம்மஞ்சள், இன்னொன்று சாம்பல் கலந்த வெள்ளை. ஒரே தேனீயின் காலில் இரண்டு நிறம் கலந்து கிடப்பது அரிது. பழகிய மணமும் நிறமும் பலன் தரும் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டு திரியும். மரத்துக்கு இது பெரிய உதவி, மகரந்தம் சரியான இனத்துக்கே போய்ச் சேருகிறது.

சிவப்புத் தெரியாதாமே? அப்படியென்றால் செவ்வரத்தைக்கு எப்படிப் போகிறது?

தேனீக்கும் நமக்கும் மூன்று வகை நிற வாங்கிகள்தான், ஆனால் மூன்றும் வேறு இடத்தில். அதற்குப் புற ஊதா, நீலம், பச்சை. நமக்குத் தெரியாத புற ஊதா அதற்கு ஒரு முழு நிறம், நமக்குப் பளிச்சென்று தெரிகிற தூய சிவப்பு அதற்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. தேனீக்கு நிறம் தெரியும் என்பதை ஜேர்மனியில் கார்ல் வான் ஃபிரிஷ் 1914-இல் நிறுவினார். பல அளவுச் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து அதில் மட்டும் சீனித் தண்ணீர் கொடுத்துப் பழக்கினார். பிறகு தட்டு வெறுமையாக இருந்தபோதும், அட்டைகளை இடம் மாற்றியபோதும், தேனீ நீலத்துக்கே வந்தது. நிறக்குருடாக இருந்தால் ஏதோ ஒரு சாம்பலோடு குழம்பியிருக்க வேண்டுமே. அவருக்கு நாலு வருடம் முன்னாலேயே அமெரிக்காவில் சாள்ஸ் டேர்னர் என்ற கறுப்பின விஞ்ஞானி தேனீயின் நிறப் பார்வையைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை, அது ஒரு அநியாயம்.

சரி, செவ்வரத்தை. கறுப்பாகத் தெரிகிற பொருளும் பச்சை இலைக்கு முன்னால் ஒரு பொருள்தான், கண்ணுக்குப் படாமல் போகாது. உள்ளே மகரந்தம் இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்தால் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப வரும். ஆனாலும் பெரிய சிவப்புப் பூக்கள் பல தேன்சிட்டுக்குத்தான் கடை விரித்திருக்கின்றன. வளவில் தேனீக்காகச் செடி நடுவதென்றால் செவ்வரத்தையில் காசைப் போடாதீர்கள். முருங்கை, துளசி, தேசி, பூசணி என்று போங்கள்.

கறுப்பு உடுப்புப் போட்டால் கொட்டும் என்பது உண்மையா? வாழைப்பழம் சாப்பிட்டாலும் கொட்டுமாம்?

இரண்டிலும் உண்மை இருக்கிறது.

கூட்டைக் காக்கிற தேனீ கறுப்பான, மயிர் அடர்ந்த, அசைகிற பொருளை அதிகம் தாக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் இது பொருந்தும், பூவில் மேய்கிற தேனீ உங்கள் சேட்டின் நிறத்தைக் கணக்கே எடுக்காது. பெட்டி திறக்கப் போகிறவர் வெளிர்நிற உடுப்பும், தலையை மூடுகிற வலையும் போட்டுக்கொள்ளட்டும்.

வாழைப்பழக் கதைக்கு வருவோம். தேனீ கொட்டும்போது கொடுக்கோடு சேர்ந்து ஒரு மணமும் வெளியே வரும். அதில் முக்கியமான பொருள் ஐசோபென்ரைல் அசற்றேற்று, 1962-இல் கண்டுபிடித்தார்கள். பழுத்த வாழைப்பழத்தின் வாசனையிலும் அதே பொருள் இருக்கிறது, கொட்டு வாங்கிய இடத்தை மணந்து பாருங்கள், தெரியும். மற்றத் தேனீக்களுக்கு அது "இங்கே கொட்டு" என்கிற அடையாளம். ஆகவே ஒரு கொட்டு விழுந்தால் அடுத்ததும் அதே இடத்தில் விழப் பார்க்கும். கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புகையில் காட்டுங்கள் அல்லது கழுவுங்கள். சந்தையில் கதலியும் கப்பல் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு நிற்பவரைத் தேடி எந்தத் தேனீயும் வராது, ஆனால் சாப்பிட்ட கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள்.

புகை ஏன் வேலை செய்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. புகை பட்டால் உணர்கொம்பு அந்த ஆபத்து மணத்தைப் பிடிப்பது கொஞ்ச நேரம் மந்தமாகிறது, 1995-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். கூடவே, தேனீக்கள் உள்ளே ஓடித் தேனை வயிறு நிறையக் குடிக்கத் தொடங்கும். தென்னம் பொச்சுப் புகை போதும், நம் செரானாவுக்கு நாலு ஊதலே அதிகம். கூடினால் பெட்டியை விட்டே போய்விடும்.

கோணேசர் கோயிலுக்கு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால் தேனீ துரத்துமா? சென்ட் அடித்தால்?

துரத்தாது. மணம் மட்டும் தேனீயை இழுக்காது, அந்த மணத்தோடு தேன் கிடைத்த அனுபவம் இருந்தால்தான் இழுக்கும். மல்லிகை இரவுப் பூச்சிகளை நம்பிப் பின்னேரம் விரிகிற பூ, பகலில் திரிகிற தேனீக்கு அதோடு கொடுக்கல் வாங்கல் குறைவு. இனிப்பான பழ மணமோ பூ மணமோ உள்ள சென்ட் என்றால் ஒரு தேனீ வந்து சுற்றி, மணந்து, ஒன்றும் இல்லை என்று போகும். அந்த நேரம் கையை விசுக்கினால்தான் பிரச்சினை. சும்மா நில்லுங்கள், அக்கா.

என் தேத்தண்ணிக் கடைக்குத் தினமும் தேனீ வந்து மொய்க்கிறது. என்ன செய்வது?

உப்புவெளிப் பக்கம் கடை வைத்திருக்கிற பலர் கேட்கிற கேள்வி. சர்பத், பழரசம் விற்பவர்களும் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒன்றோ இரண்டோ தேனீ, மூடாத சீனிப்பாணிப் போத்தலையோ கழுவாத கிளாசையோ கண்டுபிடிக்கிறது. வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகும்போது திரும்பி, கடைப் பக்கம் முகத்தை வைத்து ஊசலாடிப் பார்த்து இடத்தைப் பதிந்துகொள்கிறது. கூட்டுக்குப் போய், இடம் எங்கே என்று மற்றவற்றுக்கு ஆடிக் காட்டுகிறது (அந்த ஆட்டத்துக்குக் கீழே வருகிறேன்). ஆடும்போது அதன் உடம்பில் ஒட்டியிருக்கிற மணத்தையும், வாயில் கொடுக்கிற சொட்டின் ருசியையும் மற்றவை பிடித்துக்கொள்கின்றன. வந்து இறங்குகிறவை தங்கள் மணத்தையும் கிளாஸ் விளிம்பில் விட்டுவிட்டுப் போகின்றன.

அதோடு நேரமும் பதிவாகிறது. வான் ஃபிரிஷின் மாணவி இங்கெபோர்க் பேலிங் 1929-இல் காட்டியது: ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் சீனித் தண்ணீர் வைத்துப் பழக்கினால், ஒன்றுமே வைக்காத நாளிலும் தேனீ அதே நேரத்துக்கு வந்து பார்க்கும். உங்கள் கடையில் பின்னேரம் நாலு மணிக்குச் சனம் கூடிக் கிளாஸ் குவிகிறது என்றால், தேனீயும் நாலு மணிக்குத்தான் வரும்.

ஆகவே அடித்துக் கொல்வது பயனில்லை, கூட்டில் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கொன்றதன் மணம் மற்றவற்றைச் சூடாக்கும். செய்ய வேண்டியது இது: போத்தல்களுக்கு இறுக்கமான மூடி, கிளாஸ்களை உடனுக்குடன் தண்ணீரில் அமிழ்த்துவது, மேசையைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்துப் பழைய மணத்தை எடுப்பது. ஒரு சொட்டும் கிடைக்கக் கூடாது. வந்து வந்து ஏமாந்தால் அன்றைக்கு நிறுத்திவிடும். அடுத்த நாள் காலை திரும்பவும் ஒரு தடவை வந்து பார்க்கும், அதைப் பார்த்து மனம் தளர்ந்துவிடாதீர்கள், கற்ற நினைவு இரவு தாண்டி எட்டிப் பார்ப்பது ஆய்வுகூடத்திலும் நடக்கிறதுதான். சில நாள் விடாப்பிடியாக மூடினால் நிற்கும். இடையில் ஒரு நாள் மறந்து திறந்து வைத்தால் திரும்ப ஆனா ஆவன்னாவில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒருமுறை கற்றதை எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும்?

நன்றாகக் கற்றால் வாழ்நாள் முழுக்க. ஆனால் அந்த வாழ்நாள் எவ்வளவு என்று பாருங்கள்: வேலைக்காரத் தேனீ மொத்தமே ஐந்தாறு கிழமை, வெளியே பறந்து திரிவது அதில் கடைசி இரண்டு மூன்று கிழமை.

செடிகளும் இந்த நினைவோடு விளையாடுகின்றன. கோப்பிப் பூவின் தேனிலும் தேசி, தோடை இனப் பூக்களின் தேனிலும் மிகச் சிறிய அளவில் கஃபீன் இருக்கிறது. ஜெரல்டின் ரைட்டும் கூட்டாளிகளும் 2013-இல் கண்டது, அந்த அளவு கஃபீன் கலந்த சீனியோடு ஒரு மணத்தைக் கற்ற தேனீக்களில் 24 மணி நேரம் கழித்தும் நினைவு வைத்திருந்தவை, வெறும் சீனியோடு கற்றவற்றின் மூன்று மடங்கு. தேசி மரம் தேனீக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து வாடிக்கையாளர் பிடிக்கிறது.

பெட்டியைப் பத்தடி தள்ளி வைத்தேன், தேனீ எல்லாம் பழைய இடத்திலேயே வந்து சுற்றுகிறது. ஏன்?

பெட்டி அதற்கு முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். வெயில் உள்ள பின்னேரத்தில் வாசலைக் கவனியுங்கள். புதிதாக வெளியே வருகிற இளம் தேனீக்கள் நேரே பறந்து போவதில்லை. ஒரு சாண் பின்னுக்கு வந்து, முகத்தைப் பெட்டிப் பக்கமே வைத்துக்கொண்டு இடமும் வலமும் ஊசலாடும், பிறகு வளையம் வளையமாக அகட்டி மேலே போகும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். சண்டையோ, கூடு பிரியப் போகிறதோ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். அது இடத்தைப் படிக்கிறது: மதில், மாமரம், தண்ணீர்த் தாங்கி எந்தப் பக்கம் என்று.

அதனால் ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டு மூன்றடி வீதம் நகர்த்துங்கள். இல்லையென்றால் இருட்டியபின் வாசலை அடைத்துப் பறக்கும் எல்லைக்கு அப்பால், சில கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய்ச் சில கிழமை வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். புது இடத்தில் வைக்கும்போது வாசலுக்கு முன்னால் ஒரு இலைக்கொப்பைச் சாய்த்து வையுங்கள். வழக்கம்போல் பாய முடியாமல் தடுமாறும் தேனீ, நின்று திரும்பப் படித்துக்கொள்ளும்.

பெட்டிகளுக்கு என்ன நிறம் பூசலாம்?

வரிசையாக ஒரே மாதிரிப் பெட்டிகள் இருந்தால் தேனீ பக்கத்து வீட்டுக்குள் நுழையும், காற்றுத் தள்ளும் பக்கத்தின் கடைசிப் பெட்டியில் கூட்டம் பெருகும், மற்றது மெலியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது அதிகம். நீலம், மஞ்சள், வெள்ளை மாறி மாறிப் பூசுங்கள். சிவப்பையும் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்கு இரண்டும் ஒன்று. செம்மஞ்சள், மஞ்சள், இலைப்பச்சை மூன்றும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். முழுப் பெட்டிக்கும் பூசத் தேவையில்லை, வாசல் பக்கம் போதும். வாசல்களை வேறு வேறு திசைக்குத் திருப்பி வைப்பது பூச்சைவிட நல்ல பலன் தரும்.

ஆடிக் காட்டுவது உண்மையா? நம் தேனீயும் ஆடுமா?

ஆடும், எல்லா ஏபிஸ் இனமும் ஆடும். வயிற்றை ஆட்டிக்கொண்டு நேர்கோட்டில் ஓடுகிற ஓட்டத்தின் சாய்வு திசையைச் சொல்லும், ஓட்டத்தின் நீளம் தூரத்தைச் சொல்லும். செங்குத்தான தேனடையில் நேர் மேலே ஓடினால் "சூரியன் பக்கம்". வான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்த வேலைகளில் இது முதன்மையானது.

அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கே வந்து நம் தேனீக்களின் ஆட்டத்தைப் பார்த்து 1956-இல் எழுதினார். செரானா மெலிஃபெரா மாதிரியே இருட்டுக்குள் செங்குத்து அடையில் ஆடுகிறது. கொப்பில் தொங்குகிற சின்னத் தேனீயான ஏபிஸ் ஃபுளோரியா, அடையின் மேல் தட்டையான இடத்தில், வெளிச்சத்தில், நேரே அந்தத் திசையையே காட்டி ஆடுகிறது. ஒரே தூரத்துக்கு ஒவ்வொரு இனமும் ஆடுகிற நீளம் வேறு.

நம் ஊருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சூரியன் சரியாக உச்சிக்கு மேலே நின்றால் அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் இது நடக்கும். அந்தக் கொஞ்ச நேரம் தேனீக்குத் திசை தடுமாறும் என்பதை வெப்பவலய நாடுகளில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முகில் உள்ள நாட்களில் அவ்வளவு கவலையில்லை, நீல வானம் ஒரு துண்டு தெரிந்தாலே அந்த வெளிச்சத்தின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை வைத்துச் சூரியன் எங்கே என்று கணித்துவிடும்.

துறைமுகத்தையோ கொட்டியாரக் குடாவையோ தாண்டிப் போய்த் தேன் எடுக்குமா?

குறுகிய தண்ணீரைத் தாண்டும், அகன்ற கடலை விரும்பாது. பெங்களூரில் படித்து அவுஸ்திரேலியாவில் வேலை செய்த மாண்டயம் சீனிவாசன், கோலம் போட்ட ஒடுங்கிய சுரங்கங்களுக்குள் தேனீயைப் பறக்கவிட்டுக் காட்டியது என்னவென்றால், தூரத்தைத் தேனீ இறக்கைச் சோர்வால் அளப்பதில்லை, கண்ணுக்குக் கீழேயும் பக்கத்திலும் காட்சி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதால் அளக்கிறது. சில மீற்றர் சுரங்கத்துக்குள் பறந்துவிட்டு வந்து, நூற்றுக்கணக்கான மீற்றர் போய் வந்ததாக ஆடியது! தண்ணீருக்கு மேலே அந்தக் காட்சி ஓட்டம் குறைவு. அலையில்லாத தண்ணீருக்கு மேல் உயரம் தெரியாமல் தாழ்ந்து தாழ்ந்து விழுந்துவிடுவதையும் கண்டிருக்கிறார்கள். செரானா தூரப் பயணியும் இல்லை. பெட்டியைக் கரையோரம் வைத்தால் அரைவட்ட நிலம்தான் அதற்கு மேய்ச்சல், கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

தேனீ என் முகத்தை அடையாளம் காணுமா?

மனித முகப் படங்களில் ஒன்றுக்குச் சீனியும் மற்றதற்குக் கசப்பும் வைத்து 2005-இல் பழக்கினார்கள், தேனீ சரியான படத்துக்குப் போனது. நாலு வரை எண்ணும், "ஒன்றுமில்லை" என்பது ஒன்றைவிடச் சின்னது என்பதும் விளங்குகிறது என்று 2018-இல் காட்டினார்கள். ஆனால் "என் தேனீக்கு என்னைத் தெரியும், கொட்டாது" என்று பெருமைப்படுகிற அண்ணன்மாருக்கு: உங்களைப் பார்த்துப் பழக யாரும் அதற்குச் சீனி கொடுக்கவில்லை. உங்கள் கை நிதானமானது, அதுதான் விஷயம்.

குறிப்பிட்ட பயிருக்குப் போகச் சொல்லிப் பழக்க முடியுமா?

முடியும். பூவின் மணம் ஊறிய சீனிப்பாணியைப் பெட்டிக்குள் வைத்தால், உள்ளே இருக்கிற தேனீக்கள் வாய்க்கு வாய் மாற்றிக்கொள்ளும்போதே மணத்தைக் கற்றுவிடும். ஆர்ஜென்டினாவில் வால்டர் ஃபரீனாவின் குழு சூரியகாந்தி மணத்தைச் செயற்கையாகக் கலந்து இப்படிக் கொடுத்துப் பார்த்ததில் விதை விளைச்சல் 29 முதல் 57 வீதம் வரை கூடியதாக 2020-இல் வெளியிட்டார்கள். பூசணி, எள்ளு போட்டவர்கள் எளிமையாகச் செய்து பார்க்கலாம்: பூக்களைச் சில மணி நேரம் பாணியில் ஊறவைத்து வடித்து, பின்னேரம் பெட்டிக்குள் மட்டும் வையுங்கள். வெளியே வைத்தால் ஊர்த் தேனீயெல்லாம் வந்து கொள்ளையடிக்கும்.

வயலுக்கு மருந்து அடித்தால் தேனீ சாகாவிட்டாலும் ஏதாவது ஆகுமா?

ஆகும். இமிடாகுளோபிரிட் மாதிரியான நியோனிக்கொட்டினொயிட் மருந்துகள் கொல்லாத அளவிலும் மணத்தைக் கற்பதையும் வீடு திரும்புவதையும் குழப்புகின்றன. பெட்டிக்கு முன்னால் பிணம் இல்லை, ஆனால் தேனீ குறைகிறது என்றால் இதையும் சந்தேகியுங்கள். அடிப்பவரோடு கதைத்து, பூக்கிற பயிரை விட்டுவிடச் சொல்லுங்கள், கட்டாயம் என்றால் மாலை இருட்டுகிற நேரம் அடிக்கட்டும்.

கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கத் தேனீயைப் பழக்கினார்கள் என்பது கதையா?

கதையில்லை. குரோஷியாவில் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் நிகொலா கெசிச்சின் குழு வெடிமருந்து மணத்தைச் சீனியோடு சேர்த்துப் பழக்கிப் பார்த்தது, அமெரிக்காவிலும் செய்தார்கள். மிதிக்கிற பாரம் தேனீக்கு இல்லை என்பது அதன் நல்ல பக்கம். கெட்ட பக்கம், எங்கே சுற்றுகிறது என்று மனிதர் கண்டுபிடிப்பது பெரிய பாடு, பூக்கிற காலத்தில் அது பூவுக்கே போய்விடும். நெதர்லாந்தில் 2021-இல் கொவிட் மணத்துக்கு நாக்கை நீட்டப் பழக்கியதும் இதே முறைதான்.

இரவில் லைட்டுக்கு வந்து விழுகிற பெரிய தேனீ எது?

மலைத்தேனீ, ஏபிஸ் டோர்சாற்றா. பலர் குளவி என்று சொல்வது. செரானா இருட்டினால் வீட்டுக்குள் அடங்கிவிடும், இது நிலவு வெளிச்சத்திலும் பறக்கும், பிரகாசமான மின்விளக்கில் குழம்பி வந்து சுற்றி விழும். வெளிவிளக்கை அணைத்து, ஜன்னலுக்குத் திரை போடுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். மரத்திலோ தண்ணீர்த் தாங்கியிலோ கூடு கட்டியிருந்தால் கல் எறிகிற வேலை வேண்டாம். கூட்டின் மேல் அலை அலையாகப் பளபளப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், நூற்றுக்கணக்கான தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றைத் தூக்குவதால் வருவது அது, வேட்டைக் குளவிகளை விரட்ட. அந்த அலை உங்களைக் கண்டு ஓடத் தொடங்கினால் அங்கே நிற்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்கும் பைப்படிக்கும் என் தேனீ போகிறதென்று சண்டை. என்ன வழி?

கோடையில் கூட்டைக் குளிராக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு மணமில்லை, ஆகவே பாசியோ உப்போ மணக்கிற ஈரமான இடத்தைத்தான் தேடிப் பழகும். பெட்டி வைத்த முதல் நாளே, அது வேறு இடம் பழகுமுன், வெயில் படுகிற ஒரு மூலையில் அகலச் சட்டியில் தண்ணீரும், நின்று குடிக்கக் கூழாங்கல்லும் தென்னம் மட்டைத் துண்டும் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து வையுங்கள். ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குப் பழகிவிட்டது என்றால், உங்கள் சட்டியில் சில நாள் கொஞ்சம் சீனி கலந்து இழுத்துப் பிறகு சீனியை நிறுத்துங்கள், அவர்களிடம் சொட்டுகிற பைப்புக்குப் புது வொஷர் போடச் சொல்லுங்கள். வொஷர் நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.